நேபாளத்துக்கு ஜனநாயகம் ஒத்து வராதா?

கொழிஞ்சாம்பாறை வாசகசாலை நண்பர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நேபாளத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "அங்கே ஜனநாயகம் எடுபடவில்லை, ராஜாவே இருந்திருக்கலாம்" என்று உங்களில் பலர் சொன்னீர்கள். பதில் சொல்ல அன்றைக்கு நேரமில்லை.

2008 மே மாதம் மன்னராட்சி போனதிலிருந்து அங்கே எந்தப் பிரதமரும் ஐந்து வருஷம் முழுசாக இருந்ததில்லை. சரி, நம் கேரளத்தின் கதை என்ன? 1957-இல் வந்த முதல் அமைச்சரவையை 1959 ஜூலையில் கலைத்தார்கள். 1965-இல் ஜெயித்தவர்களுக்குச் சட்டசபையில் உட்காரவே வாய்க்கவில்லை. தன் காலத்தை முழுசாக முடித்த முதல் அமைச்சரவை 1970-இல் அச்சுத மேனன் அமைத்ததுதான். அதுவரை யாராவது "மலையாளத்தாருக்கு ஓட்டு எதற்கு" என்று கேட்டிருந்தால் நம் பெரியவர்கள் சும்மா விட்டிருப்பார்களா?

வார்டு வரைக்கும் இறங்கிப் பாருங்கள். 1997-க்குப் பிறகு இருபது வருஷம் உள்ளாட்சித் தேர்தலே நடக்காத நாடு அது. 2015 அரசியலமைப்பு வந்த பின் 753 உள்ளாட்சிகளுக்கு 2017-இல் தேர்தல் நடந்தது, 2022-இல் மறுபடியும் நடந்தது. ஒவ்வொரு வார்டிலும் தலைவரோடு நான்கு உறுப்பினர்கள். அதில் இரண்டு பேராவது பெண்கள், அவர்களில் ஒருவர் தலித் பெண். நம் பஞ்சாயத்துகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று பெருமைப்படுகிறோமே, வார்டுக்கு ஒரு தலித் பெண் என்ற ஏற்பாடு நம்மிடம் கிடையாது. குடியுரிமைச் சான்றுக்குச் சிபாரிசுக் கடிதம் வாங்க அங்கே ஜனங்கள் போவது அந்த வார்டு அலுவலகத்துக்குத்தான். வருஷக்கணக்கில் அரசு ஊழியர் மட்டுமே கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இப்போது அவர்கள் ஓட்டுப் போட்ட ஆள் கையெழுத்துப் போடுகிறார். இது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

கோபப்பட வேண்டிய இடம் வேறு. 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரில் சுமார் 17,000 பேர் செத்தார்கள். விசாரிக்க 2015-இல் கமிஷன்கள் போட்டார்கள், 60,000-க்கும் மேல் புகார்கள் குவிந்தன, நீதி மட்டும் வரவில்லை. பழைய சாவுக்கே கணக்குக் கேட்காத இடத்தில் சுடுகிறவனுக்கு என்ன பயம்? 2025 செப்டம்பர் 8 அன்று, ஊழலையும் சமூக ஊடகத் தடையையும் எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்களில் 19 பேர் ஒரே நாளில் செத்தார்கள். அதற்குப் பொறுப்பானவர்கள் கூண்டில் ஏறுகிறார்களா என்பதை வைத்துத்தான் அந்தக் குடியரசை நான் எடைபோடுவேன்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். நம் ஊர் ஹோட்டல்களில் வேலை பார்க்கும் நேபாளத்துப் பையன்களை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடுவோம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் ஓட்டு வசதி வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018-இலேயே சொல்லியும் 2022 தேர்தலில் அது நடக்கவில்லை. ராஜா வேண்டுமா, ஓட்டு வேண்டுமா என்று முதலில் அவர்களிடம் கேளுங்கள்.