லுவாவில் எதைச் சேர்ப்பது, எங்கே சேர்ப்பது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு நிரல்மொழிகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, ஒரு ஃபோல்டருக்குள் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று கேட்கக்கூட லுவாவில் வழியில்லை எனக் குறைப்பட்டிருந்தது. உண்மைதான், ஆனால் அது மறதியால் வந்த குறை அல்ல. பிரேசிலில் 1993-இல் பிறந்த இம்மொழி, கிட்டத்தட்ட முழுவதும் ஐஎஸ்ஓ சி தரத்தில் (சி நிரல்மொழிக்கான சர்வதேசத் தரம்) உள்ள செயற்கூறுகளை (ஃபங்ஷன்களை) மட்டும் நம்பி எழுதப்பட்டது. அந்தத் தரத்தில் ஃபோல்டர் என்ற ஒன்றே கிடையாது. சி கம்பைலர் (நிரலை இயந்திரத்துக்கு ஏற்ப மாற்றும் மென்பொருள்) உள்ள இடமெல்லாம் லுவா ஓடுவதற்கு அதுவே காரணம்.

எனவே கூடுதல் நூலகத்தோடு (ஆயத்தச் செயற்கூறுகளின் தொகுப்போடு) கூடிய லுவாவை உருவாக்குவோர் மூலநிரலில் கை வைக்காமல் இருப்பது நல்லது. தொடக்கத்திலேயே திறக்கப்படும் நூலகங்களின் பட்டியலில் தங்களுடையதையும் எழுதிவிடுவதே பலரின் வழக்கம். அப்படிச் செய்தால் பத்து வரி ஸ்கிரிப்ட்கூட எல்லாவற்றையும் திறந்துவிட்டுத்தான் ஓடும். மாறாக, 'பேக்கேஜ்' என்ற டேபிளுக்குள் (பெயர்-மதிப்பு அட்டவணைக்குள்) உள்ள 'பிரீலோட்' பகுதியில் திறக்கும் செயற்கூற்றை மட்டும் பதிவு செய்யுங்கள். நூலகத்தை ஏற்றும் 'ரிக்வயர்' செயற்கூற்றால் கேட்கும்போதுதான் அது திறக்கும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: இன்னும் ஏற்றாத நூலகத்துக்கு 'ரிக்வயர்' முதலில் பார்ப்பதே பிரீலோடைத்தான். பயனர் அதே பெயரில் புதிய பதிப்பை டிஸ்கில் வைத்தாலும் பழையதே வரும். அதைத் தவிர்க்க, தேடும் செயற்கூறுகளின் வரிசையில் உங்களுடையதைக் கடைசியில் சேர்க்கலாம்.

லுவாவிலேயே எழுதிய பகுதிகளை முன்கூட்டியே தொகுத்த இடைநிலை வடிவமான பைட்கோடாக்கி உள்ளே வைப்பதில் லாபம் குறைவு. லுவா 5.3 பதிப்பின் பைட்கோடு 5.4-இல் ஓடாது. மூல உரையாகவே வையுங்கள். லுவாவின் கம்பைலர் போதுமான வேகம் கொண்டது.

ஃபோல்டரில் உள்ள கோப்புகளைப் பட்டியலிடும் செயற்கூற்றை சி-யில் எழுதும்போது இரண்டு இடங்களில் அடி விழும். செயற்கூறு அழைக்கப்படும்போது, லுவாவும் சி-யும் மதிப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் அடுக்கில் கூடுதலாக 20 இடங்களுக்கே உத்தரவாதம். இடம் கேட்டு வாங்காமல் ஆயிரம் கோப்புப் பெயர்களை வரிசையாகத் தள்ளினால் நினைவகம் சிதையும். ஒவ்வொன்றையும் உடனுக்குடன் டேபிளில் போட்டுவிட வேண்டும். அடுத்தது, லுவாவில் பிழை எழுந்தால் சி செயற்கூறு பாதியிலேயே கைவிடப்படும். கடைசியில் எழுதிய 'மூடு' வரிக்கு ஓட்டம் வராது, ஃபோல்டர் திறந்தே கிடக்கும். திறந்த ஃபோல்டரை யூசர்டேட்டாவில் (சி தரவை லுவா வைத்திருக்கும் பெட்டியில்) வைத்து, அதன் நடத்தையை வரையறுக்கும் மெட்டாடேபிளில், பயன்படாத நினைவகத்தை மீட்கும் குப்பை சேகரிப்பின்போது மூடும் செயற்கூற்றைப் பொருத்துவதே வழி.

எல்லாச் சரங்களுக்கும் (எழுத்துத் தொடர்களுக்கும்) மெட்டாடேபிள் ஒன்றே என்பதால், பொதுவான 'ஸ்ட்ரிங்' டேபிளில் சரத்தைத் துண்டுகளாக்கும் 'ஸ்ப்ளிட்' என்று ஒன்றைச் சேர்ப்பது ஆசை காட்டும் குறுக்குவழி. அடுத்தடுத்து இரண்டு காற்புள்ளி வந்தால் நடுவே வெற்றுத் துண்டு உண்டா, இல்லையா? ஒரு நூலகம் உண்டு என்கும், இன்னொன்று இல்லை என்கும். கடைசியில் ஏற்றியதுதான் நிற்கும். தனி டேபிளே மேல்.

கட்டுரை தொடாத பெரிய குறை ஒன்று இருக்கிறது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் லுவா 15 என்கிறது, ஏனென்றால் அது பைட்டுகளை எண்ணுகிறது. 5.3-இல் வந்த யூடிஎஃப்-8 (எழுத்துகளை பைட்டுகளாக்கும் முறை) நூலகம் 5 என்கிறது. அது எண்ணுவது யூனிகோடு ஒவ்வொரு எழுத்துக்கும் துணைக்குறிக்கும் தரும் குறியெண்களை. நமக்கோ எழுத்து மூன்றுதான். முதல் நான்கு பைட்டுகளை வெட்டினால் 'த'வும் ஓர் உடைந்த பைட்டும் மிஞ்சும். உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் முன் எழுத்தோடு ஒட்டிவைக்கும் செயற்கூறு ஒன்று எழுதினால் இது பெரும்பாலும் தீரும். 'க்ஷ', 'ஸ்ரீ' போன்றவை மட்டும் இரண்டாகப் பிரியும். அதற்குத் தனி விதி வேண்டும். 'கொ'வின் குறி ஒரே குறியெண்ணாகவும் வரும், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் வரும். முதலாவது 6 பைட், இரண்டாவது 9. திரையில் வேறுபாடே தெரியாது, ஆனால் லுவாவின் சம ஒப்பீடு இரண்டும் வேறு என்றே சொல்லும். தேடினால் சொல் கிடைக்காது. ஃபோல்டர் பட்டியலைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் செயற்கூறு முதல் பதிப்பிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்