ஃபார்மட் செய்வதற்கு முன்பு

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி வந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு, பார்வை தெளிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்திவிடாதே. இங்கே எல்லோரும் நலம். மூத்தவள் வேலை மாறிவிட்டாள், புது இடம் பிடித்திருக்கிறதாம். மற்ற சேதிகளை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். உன் கணினி விஷயம்தான் மனதிலேயே நிற்கிறது.

அப்பாவின் டைரிகளைத் தட்டச்சு செய்யும்போது திரை அப்படியே உறைந்துவிடுகிறது, சில நாள் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது, பார்க்க வந்த பையன் “ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிடும்” என்று சொன்னான் என்று எழுதியிருந்தாய். தயவுசெய்து இப்போதைக்குச் சம்மதிக்காதே. டிஸ்கை முழுக்க அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுகிற ஃபார்மட்டால் தீரும் கோளாறும் உண்டுதான். ஆனால் தற்காலிக நினைவகமான ரேமிலோ, ஹார்ட் டிஸ்கிலோ, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸிலோ பழுது இருந்தால், விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகும் அது அங்கேயேதான் இருக்கும். அதோடு, தனக்கு என்ன நேர்ந்தது என்று கணினி எழுதி வைத்திருக்கும் குறிப்புகள் அத்தனையும் போய்விடும். தடயத்தைக் கழுவிவிட்டுத் திருடனைத் தேடுகிற கதைதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் டைரிக் கோப்புகளை வெளியே எடுத்துவிடு. ஒரு பென்டிரைவில் ஒரு பிரதி, வேறு எங்காவது இன்னொன்று. அது முடியும்வரை எந்தச் சோதனையும் வேண்டாம். முக்கியமாக, டிஸ்கைச் சோதிக்கிற செக்டிஸ்க் நிரலை ஓடவிடாதே. சாகும் தறுவாயில் இருக்கிற டிஸ்கை முழுக்கப் படிக்கச் சொன்னால், அந்த வேலையிலேயே அது நின்றுபோகலாம். அந்த டைரிகள் நீ பூதக்கண்ணாடி வைத்து எழுத்து எழுத்தாகப் படித்து அடித்தவை. விண்டோஸை எப்போது வேண்டுமானாலும் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், அடுத்த முறை உறையும்போது உடனே பவர் பட்டனை அமுக்காதே. கொஞ்சம் கவனி. கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பார். விளக்கு எரிந்து அணைந்தால், உள்ளே கணினிக்கு இன்னும் நினைவு இருக்கிறது, ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். மவுஸ் நகர்கிறது, எதைத் திறந்தாலும் திறக்கவில்லை, டிஸ்க் விளக்கு விடாமல் எரிகிறது என்றால் டிஸ்க் மேல்தான் என் சந்தேகம் முதலில் போகும். திரை மட்டும் நின்றிருந்தால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்து. திரையை இயக்கும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும், அதிலேயே திரை உயிர்பெற்றால் தேட வேண்டிய இடம் தெரிந்துவிடும். மவுஸும் நின்று, கேப்ஸ் லாக்கும் அசையாமல், ஓடிக்கொண்டிருந்த பாட்டின் கடைசித் துணுக்கு மட்டும் ‘ர்ர்ர்’ என்று திரும்பத் திரும்பக் கேட்டால் அது முழு முடக்கம். அப்போது ரேம், கிராஃபிக்ஸ், மின்சாரம், மதர்போர்டு என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றையும் ‘ஹேங் ஆகுது’ என்ற ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், அதனால்தான் பார்க்க வருகிறவர்களும் ஒரே மருந்தைச் சொல்கிறார்கள்.

தானாக ரீஸ்டார்ட் ஆவது வேறு கதை. ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று அடித்தால் நாள்வாரியாக ஒரு வரைபடம் வரும். எந்த நாளில் எது செயலிழந்தது என்று சிவப்புக் குறியோடு காட்டும். அதை மட்டும் பார்த்தே பல நேரம் பாதி விடை கிடைத்துவிடும். சிவப்புக் குறிகள் ஒரு குறிப்பிட்ட நாளுக்குப் பிறகே தொடங்குகின்றன என்றால், அந்த நாளில் எந்த அப்டேட் வந்தது, எதை நிறுவினாய் என்று பார். தொடக்கம் எதுவென்றே தெரியாமல் அங்கங்கே சிதறிக் கிடந்தால் எனக்கு ஹார்ட்வேர் சந்தேகம் வலுக்கும்.

அதற்கு அடுத்தது, விண்டோஸ் எழுதி வைத்த குறிப்புகளைக் காட்டும் ஈவென்ட் வியூவர். அதில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். ‘கெர்னல்-பவர் 41’ என்று சிவப்பாக ஒன்று இருக்கும். அதைப் பார்த்துப் பயந்துவிடாதே, எஸ்எம்பிஎஸ் போச்சு என்று முடிவும் கட்டிவிடாதே. கணினி முறைப்படி அணையாமல் திடீரென்று நின்றது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நீயே அணைத்தாலும் அதே 41 தான் பதிவாகும். அதன் விவரப் பகுதியில் ‘பக்செக்கோட்’ என்று ஓர் எண் இருக்கும். நீ அணைக்காமலே அது 0 ஆக இருந்தால், பிழையைச் சொல்லும் நீலத் திரையான ப்ளூ ஸ்கிரீன் வரக்கூட அவகாசம் இல்லாமல் அநேகமாக நின்றிருக்கிறது. வேறு எண் இருந்தால் விண்டோஸ் காரணத்தைக் குறித்துக்கொள்ளப் பார்த்திருக்கிறது, அந்த எண்ணை எனக்கு எழுது. அதே பட்டியலில் ‘டிஸ்க்’ என்ற பெயரில் 7 அல்லது 153 தென்பட்டாலும் எழுது. 7 என்றால் டிஸ்கில் கெட்ட பகுதி, 153 என்றால் கேட்டது கிடைக்காமல் மறுபடி கேட்க நேர்ந்தது.

டிஸ்கின் உடல்நிலையைக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். உன்னுடையது பழைய சுழலும் டிஸ்க் என்பதால் மூன்று வரிகள் போதும். 05 என்பது பழுதாகி மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகள், சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பகுதிகள், சி7 என்பது தகவல் வரும் வழியில் நேர்ந்த பிழைகள். சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் மகிழ்ச்சியான சேதி, அநேகமாகக் கேபிள்தான், மாற்றினால் தீர்ந்தது. சி5 பூஜ்யமாக இல்லாவிட்டால் அந்த டிஸ்கை நான் ஒரு நாள்கூட நம்ப மாட்டேன்.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தம்பி வீட்டுக் கணினியும் இப்படித்தான், வீடியோ பார்த்தால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். மூடியைக் கழற்றிப் பார்த்தபோது விசிறி நன்றாகச் சுற்றியது, இறக்கைகளும் சுத்தம். அவன் அத்தோடு மூடப் பார்த்தான். விசிறியைக் கழற்றச் சொன்னேன். அதற்கும் கீழே உள்ள அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் தூசு கெட்டியாகப் படிந்திருந்தது. விரலால் தள்ளியதும் ஒரே படலமாகப் பெயர்ந்து வந்தது. விசிறி ஊதிய காற்று ஒரு துளிகூடத் தகடுகளைத் தொடவில்லை. டெஸ்க்டாப் புராசசர்களில் பெரும்பாலானவை 95 முதல் 100 டிகிரிக்குள் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். வெப்பநிலையைக் காட்டும் எச்டபிள்யூ மானிட்டர் என்ற மென்பொருளைப் போட்டு, வேலை செய்யும்போது எவ்வளவு ஏறுகிறது என்று பார். திறப்பதாக இருந்தால் வயரைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் வெற்று உலோகத்தை ஒரு தரம் தொட்டுவிட்டுக் கை வை. ஊதும்போது விசிறியைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்.

ரேம் இரண்டு துண்டு என்று எழுதியிருந்தாய், அது நல்லதாகப் போயிற்று. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற நிரலைப் பென்டிரைவில் போட்டு அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, ராத்திரி முழுக்க ஓடவிடு. ஒரே ஒரு பிழை வந்தாலும் அது தோல்விதான், ‘ஒன்றுதானே’ என்று விட முடியாது. பிழை வந்தால் ஒரு துண்டைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் வைத்துப் பார், பிறகு மாற்றிப் பார். கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸில் எக்ஸ்எம்பி என்ற ஒன்று இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் அணைத்துப் பார். அது ரேமைப் பொது வேகத்துக்கு மேலே ஓட்டும் ஏற்பாடு, எல்லா மதர்போர்டுக்கும் ஒத்துப்போவதில்லை.

இன்னொன்று. ‘எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் சரியாகவில்லை’ என்கிறாய். இப்போதைய விண்டோஸில் ஷட்டவுன் கொடுத்தால் முழுக்க அணைவதில்லை, தன் உள்மையத்தை (கெர்னல்) ஒரு கோப்பில் சேமித்து வைத்துக்கொண்டு அதிலிருந்தே எழுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஏறும். அதனால் இனி ரீஸ்டார்ட்.

பழியை யார் மேல் போடுவது என்பது பெரிய நிறுவனங்களுக்கே எளிதாக இருந்ததில்லை. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசசர்களில் கணினி விளையாட்டுகள் பாதியிலேயே நின்றுகொண்டே இருந்தபோது, ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று செய்தி வந்ததால் பலரும் கிராஃபிக்ஸ் கார்டைத்தான் குறை சொன்னார்கள். புராசசர் அளவுக்கு மீறிய வோல்டேஜ் கேட்டுத் தன்னையே கெடுத்துக்கொண்டது என்று 2024 ஜூலையில்தான் இன்டெல் சொன்னது. அதே மாதம் 19ஆம் தேதி நேர் எதிர்: கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் ப்ளூ ஸ்கிரீனில் நின்றன, ஹார்ட்வேரில் ஒரு குறையும் இல்லாமலே. அதனால்தான் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று உன்னிடம் மன்றாடுகிறேன். ரேம், டிரைவர், கேபிள் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, மறுபடி வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

டைரிப் பிரதிகள் பத்திரமானதும் ஒரு வரி எழுது. கூடவே அந்த சி5 எண்ணையும் பக்செக்கோட்டையும் அனுப்பு. அந்தப் பையனிடம் கோபிக்காதே, ரேமைக் கழற்றி மாட்ட அவனையே கூப்பிட்டுக்கொள்ளலாம், கண் ஆறும்வரை நீ குனிந்து எதையும் தூக்கக் கூடாது.

அன்புடன்,
வசந்தா