ஒரு மணி நேரம் ஊறினால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் டண்டாஸ் வீதி மேற்கின் போர்த்துக்கீசக் கடைகளைப் பற்றி வந்த கட்டுரையை ஆசையோடு எடுத்து வாசித்தேன். "கடைக்குள் காலை வைத்ததுமே கருவாட்டு நாற்றம் மூக்கைத் துளைத்தது" என்ற வரி வந்ததும் இதழை மூடி வைத்துவிட்டேன். மிச்சத்தை மறுநாள்தான் வாசிக்க முடிந்தது.

நாற்றம் என்ற சொல்லை நம் இதழ் அச்சிடலாமா ஐயா? 1988இல் நான் ரொறன்ரோவுக்கு வந்து அறை தேடி அலைந்தபோது, "உங்கள் கறி மணம் சுவரில் ஏறிவிடும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தியவர்கள் எத்தனை பேர்! நீங்களும் அந்தக் காலத்தில் வந்தவர்தான், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாலு வீட்டில் அப்படிக் கேட்டுத் திரும்பிய எனக்கு, டஃபரின் வீதிக்குப் பக்கத்தில் ஒரு போர்த்துக்கீச அம்மாதான் தன் வீட்டு பேஸ்மென்டைத் தந்தார். ஆறு வருடம் அங்கே இருந்தேன். நான் மீன் பொரிக்கும்போது அவர் படியிறங்கி வந்ததெல்லாம் என்ன மீன் என்று கேட்பதற்குத்தான்.

துணி துவைக்கும் தொட்டி என் அறை வாசலில் இருந்தது. நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, மூன்று நாள் இருக்கும்போது அதைத் தேய்த்துக் கழுவி, பக்கல்யாவு என்று அவர்கள் சொல்லும் உப்பிட்டு உலர்த்திய கொட் மீனை அதில் ஊறப் போடுவார். பலகை போல விறைத்த துண்டுகள். தோல் மேற்பக்கம் இருக்க வேண்டும், அப்போதுதான் உப்பு கீழே இறங்கும் என்று ஒவ்வொரு துண்டாகத் திருப்பிக் காட்டுவார். தண்ணீர் மாற்றும் பொறுப்பில் பாதி என்னுடையது. இரவு வேலை முடிந்து விடியற்காலையில் வந்ததும், குளிர்ந்து விறைத்த கையோடு அந்த உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்ட பிறகே படுப்பேன். நத்தாருக்கு முந்திய இரவு உருளைக்கிழங்கு, கோவா, முட்டையோடு அவித்து, மேலே ஒலிவ் எண்ணெய் ஊற்றி அவர்கள் சாப்பிடும்போது எனக்கும் ஒரு கோப்பை இருந்தது. "ஃபீல்யா" என்று கூப்பிடுவார். மகளே என்று பொருள். உங்கள் கட்டுரையாளர் நாற்றம் என்று எழுதியது அந்த மீனைத்தான். போர்த்துக்கீசர் நூற்றாண்டுக் கணக்காகக் கப்பலில் வந்து பிடித்துப் போனது கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள நியூஃபவுண்ட்லாந்துக் கடலின் கொட் மீனை. 1992இல் மீன் வற்றிப்போய் அரசாங்கம் தடை விதிக்கும் வரை, இந்த நாட்டுக் கரை ஊர்கள் பல அதை நம்பித்தான் வாழ்ந்தன.

"காரம் அறியாத சமையல்" என்றும் எழுதியிருக்கிறார். மிளகை மட்டும் அரைத்துக்கொண்டிருந்த நம் நாடுகளுக்கு மிளகாயைக் கொண்டுவந்தவர்கள் யார் என்று அவர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். செப்டம்பர் வந்தால் அந்த அம்மாவின் வீட்டுக் கராஜ் முழுவதும் சிவப்பு மிளகாய்தான். விதை நீக்கி, அரைத்து, உப்புக் கலந்து போத்தலில் அடைப்பார்கள். பன்றி இறைச்சிக்கும் கோழிக்கும் வருடம் முழுக்க அதுதான். எனக்காக உறைப்பு மிளகாய் கூடப் போட்டுத் தனியாக ஒரு போத்தல் வைப்பார்.

படத்துக்குக் கீழே "லிஸ்பன் சுவை" என்று வேறு போட்டிருக்கிறீர்கள். 1953இல் போர்த்துக்கீசக் குடியேறிகளை ஏற்றிக்கொண்டு சட்டூர்னியா கப்பல் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துக்கு வந்த பிறகு இங்கே குடியேறிய போர்த்துக்கீசரில் பெரும்பகுதியினர் அட்லாண்டிக் நடுவே உள்ள அசோர்ஸ் தீவுக்காரர்கள். அந்த அம்மா சாவ் மிகேல் தீவு. லிஸ்பனைத் தன் வாழ்நாளில் ஒரு முறைதான் பார்த்திருக்கிறார், அதுவும் விமானம் மாறுவதற்கு.

கட்டுரையின் முதல் வரி "நல்லூரை இடித்தவர்களின் சாப்பாடு" என்பது. 1621இல் போர்த்துக்கீசர் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை இடித்ததை நான் மறக்கவில்லை. என் அப்பா அதைச் சொல்லிச் சொல்லி வளர்த்தவர். ஆனால் அந்தக் கணக்கை, பே வீதி வங்கிக் கோபுரங்களில் இரவிரவாகக் குப்பைவாளி தூக்கிய ஒரு பெண்ணிடமா கேட்பது? அந்த வேலையை எனக்கு எடுத்துத் தந்தவரும் அவர்தான். மொழி தெரியாத முதல் மாதத்தில் அவர் சொன்ன குசினியும் கதிரையும் மேசையும் எனக்கு விளங்கின; அவர்கள் மொழியிலிருந்து நம் தமிழுக்கு வந்த சொற்கள் அவை. அன்று எனக்கு வந்த நிம்மதியை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் கென்சிங்டன் மார்க்கெட் பற்றி எழுதினீர்கள். போர்த்துக்கீசர் இந்த நகரத்தில் முதலில் கால் ஊன்றிய இடம் அது. கட்டுரையில் அவர்கள் பெயரே இல்லை. அப்போதும் கடிதம் எழுதினேன், பிரசுரமாகவில்லை, கிடைத்ததாக ஒரு வார்த்தையும் வரவில்லை. முதல் இதழிலிருந்து சந்தா கட்டி வருகிறேன் என்பதை இங்கே சொல்ல வேண்டியிருப்பது எனக்கு வருத்தம். நம் உணவுப் பக்கத்தை எழுதுகிறவர்கள் ஸ்காபரோவைத் தாண்டினால் அரை நாளில் திரும்பிவிடுகிறார்கள். அந்த வீதியில் நான் மீன் வாங்கிய இரண்டு கடைகள் இன்று மதுக்கூடங்களாகிவிட்டன. மிஞ்சியிருக்கும் கடைகளுக்குள் போகிறவர், அடுப்படியில் நிற்கும் பெண்ணிடம் இரண்டு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா?

அந்த அம்மாவுக்கு இப்போது எண்பத்தாறு வயது. மகனோடு மிசிசாகாவில் இருக்கிறார், கையில் வாதம். நத்தார் மீனை இப்போது என் வீட்டில் நான்தான் ஊறவைத்துக் கொண்டுபோகிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். கட்டுரையோடு வந்த சமையல் குறிப்பில் உப்பு மீனை "ஒரு மணி நேரம் ஊறவைத்தால் போதும்" என்று இருக்கிறது. அதை நம்பிச் சமைப்பவர் வாயில் வைக்க முடியாது. 24 மணி முதல் 48 மணி நேரம் வரை, தடித்த துண்டு என்றால் அதற்கும் மேலே, குளிர்ந்த தண்ணீரில், பல தடவை தண்ணீர் மாற்றி ஊறவைக்க வேண்டும். நத்தாருக்கு முன் வரும் இதழில் இந்தத் திருத்தத்தையாவது போடுங்கள்.

இப்படிக்கு,
முதல் இதழிலிருந்து வாசித்து வரும் ஒரு வாசகி,
ஸ்காபரோ