சித்தாளின் காலுக்கு ஏற்ற சேஃப்டி ஷூ எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓசூர், சூளகிரி, பர்கூர் பக்கம் நடக்கும் பெரிய கட்டட வேலைகளில் சேஃப்டி ஷூ இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள். ஆனால் 10 மணிக்கு மேல் உள்ளே போய்ப் பாருங்கள். ஷூவைக் கழற்றி மணல் குவியல் ஓரம் வைத்துவிட்டு, ஹவாய் செருப்போடு கம்பி கட்டிக்கொண்டிருப்பார்கள். கேட்டால், "நம்ம ஆளுங்களுக்கு ஷூ பழக்கம் இல்லீங்க" என்பார் மேஸ்திரி. பழக்கத்தின் மேல் பழி போட வேண்டாம். கொடுத்த ஷூ காலைக் கடிக்கிறது, அதனால் கழற்றுகிறார்கள்.

ஒப்பந்ததாரர் 50 ஜோடி மொத்தமாக எடுக்கும்போது 7, 8, 9 நம்பர்களே வருகின்றன. சித்தாளாக வரும் பெண்களில் பலருக்கு 4 அல்லது 5 நம்பர் கால். அவர்கள் 7 நம்பர் ஷூவின் முனையில் துணியை அடைத்துக்கொண்டு, தலையில் கலவைச் சட்டியோடு சாரம் ஏறுகிறார்கள். ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் நீளத்தில் ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம். 2 நம்பர் கூடினால் 17 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு கட்டைவிரல் அகலம். அடி வைக்கும்போது குதிகால் ஷூவுக்குள் மேலே எழும்பி, ஷூ மட்டும் பலகையில் பின்தங்கும். அந்த இடத்தில்தான் தடுக்கும்.

ஆகவே வாங்குவதற்கு முன் ஆளுக்கு ஆள் அளவெடுக்க வேண்டும். தரையில் தாளைப் போட்டு, முழு எடையும் ஊன்றி நிற்கச் சொல்லி, குதிகாலில் இருந்து மிக நீண்ட விரல் வரை குறியுங்கள். இரண்டு காலும் ஒரே அளவாக இருக்காது, பெரியதையே கணக்கில் வையுங்கள். அளவெடுப்பது சாயங்காலம் என்றால் நல்லது, நாளெல்லாம் நின்ற கால் வீங்கியிருக்கும். கடையில் போட்டுப் பார்க்கும்போது வேலைக்குப் போடும் தடித்த சாக்ஸோடு போடவேண்டும். லேஸ் கட்டாமல் காலை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு லேஸை இறுக்கி, ஒரு சரிவில் இறங்கிப் பாருங்கள். விரல் நுனி முன்னால் இருக்கும் இரும்புத் தொப்பியில் இடித்தால் அந்த ஜோடி வேண்டாம். கடைசியாகக் குந்தி உட்காருங்கள். டைல்ஸ் ஒட்டுபவரும் கம்பி கட்டுபவரும் நாளில் பாதி நேரம் அப்படித்தான் இருக்கிறார்கள். தொப்பியின் பின்விளிம்பு விரல் மடிப்பில் அழுத்தினால், கடையில் லேசாகத் தெரிவது மதியத்துக்குள் தோலை உரித்துவிடும்.

அடுத்தது முத்திரை. ஷூ நாக்கின் (லேஸுக்கு அடியில் வரும் பட்டை) உள்பக்கத்திலோ பக்கவாட்டிலோ ஐ.எஸ்.ஐ. குறியும் ஐ.எஸ். 15298 என்ற எண்ணும் இருக்கும். அதில் எந்தப் பகுதி என்று பார்க்காமல் வாங்குவதுதான் பெரிய தவறு. பகுதி 2 என்றால் முன் தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்கும், அதாவது 20 கிலோ எடை சுமார் 1 மீட்டர் உயரத்தில் இருந்து விழுவதை. பகுதி 3 என்றால் அதில் பாதி, 100 ஜூல். பகுதி 4-ல் தொப்பி இருக்க வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. கட்டட வேலைக்குப் பகுதி 2 மட்டுமே வாங்குங்கள். குறிக்குக் கீழே உள்ள சி.எம்/எல் என்ற உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால், உரிமம் உண்மையா, நடப்பில் உள்ளதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இரும்புத் தொப்பியை எல்லோரும் கேட்கிறார்கள், அடித்தகட்டை யாரும் கேட்பதில்லை. ஆனால் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அச்சு) பிரிக்கும் இடத்தில் காலுக்கு வரும் ஆபத்து கீழிருந்துதான், நுனி மேலே பார்த்தபடி பலகையில் நிற்கும் ஆணியால். வகைக்குறியில் எஸ்1பி அல்லது எஸ்3 என்று இருந்தால் ஆணி துளைக்காத தகடு உள்ளே உண்டு. வெறும் எஸ்1 என்றால் கிடையாது. இந்தத் தகடு இரும்பிலும் வரும், நெய்த துணி அடுக்கிலும் வரும். துணி வகை எடை குறைவு, நன்றாக வளையும், பாதம் முழுவதையும் மூடும். ஆனால் தகட்டைத் துளைத்துப் பார்க்கும் பழைய சோதனை நாலரை மில்லிமீட்டர் ஆணியை வைத்துச் செய்யப்படுவது. சென்ட்ரிங்காரர் அடிக்கும் ஆணி அதைவிட ஒல்லி, துணி இழைகளின் நடுவே எளிதாக நுழையும். சென்ட்ரிங் ஆட்களுக்கு இரும்புத் தகடு உள்ளதே எங்கள் சிபாரிசு.

சோலைப் பொறுத்தவரை பி.வி.சி. விலை குறைவு, கனம் அதிகம், நாளாக இறுகி ஈரத்தரையில் வழுக்கும். பொதுவான கட்டட வேலைக்கு இரண்டடுக்கு பி.யூ. (பாலியூரித்தேன்) சோல் ஏற்றது: உள்ளடுக்கு மெத்தென்றும் வெளியடுக்கு தேயாமலும் இருக்கும். ஆனால் பி.யூ. சும்மா வைத்திருந்தாலே கெடும். காற்றின் ஈரம் அதை உள்ளுக்குள் அரித்து, ஒருநாள் கேக் மாதிரி உதிர்ந்து விழும். தள்ளுபடியில் கிடைக்கும் பழைய சரக்கின் கதை பெரும்பாலும் இதுதான். ஷூவில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும், 3 ஆண்டு தாண்டியதைத் தொடாதீர்கள். நகத்தால் சோல் ஓரத்தை அழுத்தும்போது விரிசல் விட்டாலும் வேண்டாம். சாலையில் தார்க்கலவை பரப்புபவர்களுக்கும் வெல்டர்களுக்கும் பி.யூ. ஆகாது. கலவை சுமார் 140 டிகிரி சூட்டில் இறங்கும். அவர்களுக்கு நைட்ரைல் ரப்பர் சோல் வேண்டும். கனம்தான், வேறு வழியில்லை.

கான்கிரீட் போடும் நாளில் தோல் ஷூவே கூடாது. இதை அழுத்திச் சொல்கிறோம். ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும் கடுமையான காரப்பொருள். ஷூவுக்குள் இறங்கிவிட்டால் சாக்ஸில் ஊறித் தோலோடு ஒட்டி நிற்கும். எரிச்சல் உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்துத் தெரியும்போது தோல் வெந்திருக்கும். முழங்கால் வரை வரும் கம்பூட்ஸ் (ரப்பர் பூட்ஸ்) போட்டு, பேன்ட்டை அதன் வெளியே விடுங்கள். உள்ளே திணித்தால் வழியும் சிமெண்ட் பால் நேரே பூட்ஸுக்குள் போகும். உள்ளே இறங்கிவிட்டால் வேலை முடியட்டும் என்று நிற்காமல், அப்போதே கழற்றி ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவி, மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

மின்வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சேஃப்டி ஷூவில் 'ஆன்டிஸ்டாடிக்' (உடலில் சேரும் நிலைமின்சாரத்தை வெளியேற்றுவது) என்று இருப்பது ஷாக்கைத் தடுக்கும் என்பதற்கான உத்தரவாதம் ஆகாது.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. சாயங்காலம் சிமெண்ட் தூசியை ஈரத்துணியால் துடைத்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். அடுப்போரமோ சித்திரை வெயிலோ தோலை அப்பளமாக்கிவிடும். பருத்திச் சாக்ஸ் 2 ஜோடி வைத்துக்கொண்டு மதியம் ஒன்றை மாற்றினால் விரலிடுக்குப் புண் குறையும். புது ஷூவை முதல் வாரம் தினம் 2 மணி நேரம் போட்டுப் பழக்குங்கள். தொப்பியில் ஒருமுறை பலமான அடி விழுந்துவிட்டால், வெளியே பள்ளம் தெரியாவிட்டாலும் அந்த ஜோடியை மாற்றியாக வேண்டும்.

இதற்கெல்லாம் காசு யார் கொடுப்பது என்ற கேள்வி வரும். தொழிலாளரின் பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் அவரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு சொல்கிறது. ஷூவுக்கு என்று வாரக்கூலியில் பிடிப்பது தவறு. 600 ரூபாய் ஷூ 4 மாதம், 1,500 ரூபாய் ஷூ ஓராண்டு வருகிறது என்று வைத்தால், மலிவானதற்குத்தான் 300 ரூபாய் கூடுதல் செலவு. ஒப்பந்ததாரர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

கிருஷ்ணகிரி, தருமபுரி கடைக்காரர்களிடம் 4, 5 நம்பரில் சேஃப்டி ஷூ கேட்டால், "யாரும் கேட்கிறதில்லை, அதனால வைக்கிறதில்லை" என்கிறார்கள். ஷூவுக்குப் பேர்போன ஆம்பூர் நகரம் பர்கூரில் இருந்து சென்னைச் சாலையில் வாணியம்பாடியைத் தாண்டினால் வந்துவிடும். கேட்டால் வரவழைக்க முடியாத சரக்கு இல்லை. ஒப்பந்ததாரர்கள் அடுத்த ஆர்டர் கொடுக்கும்போது ஜோடி எண்ணிக்கையை மட்டும் எழுதாமல், ஒவ்வொருவர் பெயருக்கு நேரே நம்பரையும் வேலையையும் எழுதிக் கொடுக்கட்டும். சித்தாள்களின் பெயர்கள் அந்தப் பட்டியலில் முதலில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கட்டடப் பணி மேற்பார்வையாளர்கள் சிலர்,
சூளகிரி, கிருஷ்ணகிரி மாவட்டம்.