நல்லார்பரில் எங்களை ஓரம்கட்ட வைத்த குரலுக்கு

மெல்பேர்ன் தமிழ் நண்பர்களுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

ஜூலை பள்ளி விடுமுறையில் மெல்பேர்னிலிருந்து பெர்த் வரை, காருக்குப் பின்னால் கேரவனை (சக்கரம் வைத்த சின்ன வீடு) இழுத்துக்கொண்டு போய்வந்தோம். நான், மனைவி, பத்து வயது மகள், திருச்சியிலிருந்து வந்திருக்கும் அப்பா. ஒரு வழிக்கு மட்டும் சுமார் 3,400 கிலோமீட்டர். வழியில் எங்களைக் காப்பாற்றியவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. ஒருவருடைய முகமே எனக்குத் தெரியாது. இருந்தாலும் எழுதிவைக்காவிட்டால் மனசு ஆறாது.

முதலில் டாண்டினாங்கில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணனுக்கு நன்றி. கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி தன்னுடைய கையடக்க யு.எச்.எஃப். ரேடியோவை, அதாவது வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் வாக்கி-டாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தார். "தம்பி, நாப்பதாம் சேனலில விட்டிடும். நிப்பாட்டிப் போடாதையும்" என்றார். நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் பேசிக்கொள்வது அந்தச் சேனலில்தான். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, போர்ட் அகஸ்டா வருவதற்குள் அணைத்துவிட்டேன். ஒரே கரகரப்பு, நடுநடுவே கெட்ட வார்த்தை, பின் இருக்கையில் மகள். செடூனா தாண்டியதும் போரடிக்கிறது என்று அதை மறுபடி போட்டவளும் அவள்தான். அதனால் அவளுக்கும் ஒரு நன்றி.

செடூனாவிலிருந்து நார்ஸ்மன் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். நடுவில் ஊர் என்று சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை. டீசல், சாப்பாடு, படுக்கை எல்லாவற்றையும் ஒரே கூரையில் வைத்திருக்கும் ரோடுஹவுஸ்கள்தான். இந்தச் சமவெளிதான் நல்லார்பர். அந்தப் பெயருக்கே லத்தீனில் 'மரமில்லாதது' என்று அர்த்தம். ஹெட் ஆஃப் பைட் என்ற கடலோர இடத்தில் இறங்கி, குட்டியோடு வந்திருந்த திமிங்கிலங்களைப் பார்த்தோம். அப்புறம் நல்லார்பர் ரோடுஹவுஸில் டீசல் போட்டபோது அப்பா கேரவனைச் சுற்றி வந்து, "ஏதோ கிரீஸ் தீயுற வாடை வருதுப்பா" என்றார். பக்கத்தில் நிற்கிற லாரியாக இருக்கும் என்றேன். பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்த மனிதரிடம் நான் சொன்ன பதில் அது. மன்னித்துக்கொள்ளுங்கள் அப்பா.

அடுத்த ரோடுஹவுஸ் பார்டர் வில்லேஜ், கிட்டத்தட்ட 185 கிலோமீட்டர். பாதி தூரம்கூடப் போகவில்லை, ரேடியோ பேசியது. "மேற்கே போகிற வெள்ளைக் கேரவன், உன் இடப்பக்கச் சக்கரத்தில் புகை வருகிறது." அது எனக்குத்தான் என்று புரியவே சில நொடி ஆயிற்று. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் இரண்டு டிரெய்லரை இழுத்து வரும் நீள லாரி, இங்கே ரோடு டிரெயின் என்பார்கள். பதறிப்போய் பிரேக்கில் கால் வைத்தேன். "பிரேக்கை விடு. தானாக வேகம் குறையட்டும். முன்னால் இடதுபுறம் சரளை கொட்டின இடம் வரும், அங்கே இறங்கு." ஏதோ வீட்டுக்கு வழி சொல்வதுபோல அவ்வளவு நிதானம்.

நாங்கள் ஓரம்கட்டியதும் ஒரு ஹாரன் அடித்துவிட்டு அவர் போய்விட்டார். அத்தனை பாரத்தோடு நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது என்பது எனக்குத் தெரியும். "போயிட்டாரே" என்று மனைவி சொல்லி வாய் மூடவில்லை. ரேடியோவில் அதே குரல். எதிரே வருகிற ஒவ்வொரு வண்டியிடமும் எங்கள் கதையைச் சொல்லிக்கொண்டே தேய்ந்து மறைந்தது.

செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. இருபது நிமிஷத்தில் எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு கேரவன் வந்து நின்றது. எழுபதைத் தாண்டிய கணவன் மனைவி. வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் ஊர் சுற்றும் இவர்களை இங்கே கிரே நோமட் என்பார்கள். "நீங்கள்தானே புகைக் கேரவன்?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார் பெரியவர். அடுத்த கேள்வி, "ஹோல்டனா, ஃபோர்டா?" நான் "டொயோட்டா" என்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். அவர் கேட்டது வண்டியை அல்ல. இங்கே டிரெய்லர் சக்கரம் அச்சில் சுழல உதவும் பேரிங்குகளில் பரவலாக இருக்கும் இரண்டு அளவுகளுக்கு இரண்டு கார் கம்பெனிகளின் பெயர். என்னிடம் எதுவும் இல்லை. அவரிடம் இரண்டும் இருந்தன, பழைய பிஸ்கட் டப்பாவில்.

சக்கரத்தைக் கழற்றி மூடியைத் தட்டி எடுத்தால், கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் கருந்தூள். மூன்று வாரம் முன்னால்தான் காசு கொடுத்து சர்வீஸ் செய்திருந்தோம். எந்தப் பட்டறை என்று சொல்லப்போவதில்லை, இது நன்றி மடல். பேரிங்கின் உள்வளையம் நீலம் பாரித்து அச்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா குனிந்து பார்த்து, "ஹாட் ஆக்ஸில்" என்றார். ரயில்வேயில் அச்சு சூடேறினால் சொல்கிற வார்த்தை. பெரியவர் நிமிர்ந்து அப்பாவை ஒரு பார்வை பார்த்து, உளியை நீட்டினார். அதற்குப்பிறகு என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. டார்ச் பிடித்தேன்.

அப்பாவுக்கு ஆங்கிலம் திக்கும். பெரியவருடைய ஆஸ்திரேலிய ஆங்கிலம் எனக்கே பாதிதான் புரியும். ஆனால் உளி எந்தக் கோணத்தில் விழவேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. வளையம் பிளந்து வர ஒரு மணி நேரம் ஆனது. புதுப் பேரிங்குக்கு அப்பாதான் கிரீஸ் ஏற்றினார். இடது உள்ளங்கையில் எலுமிச்சம்பழ அளவு கிரீஸ். பேரிங்கின் விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுக்க, மறுபக்கம் உருளைகளுக்கு நடுவே கிரீஸ் புழுபுழுவாகப் பிதுங்கி வரும்வரை. மகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தாத்தா வேலை செய்து அவள் பார்த்ததே இல்லை. நானும் பார்த்ததில்லை.

வேலை முடியும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கங்காரு நடமாடும் நேரம், இனி வண்டி எடுக்கக்கூடாது என்று பெரியவர் தீர்ப்புச் சொல்லி, தன் கேரவனையும் எங்களுக்குப் பக்கத்திலேயே போட்டார். மறுநாள் எங்களுக்கு மேற்கு ஆஸ்திரேலிய எல்லைச் சோதனை, அவர்களுக்கு செடூனாவில் சோதனை. காய், பழம் எதுவும் தாண்டாது. எங்களிடம் கறிவேப்பிலையும் தக்காளியும், அந்த அம்மாவிடம் பாதிப் பூசணி. எல்லாம் சேர்ந்து சாம்பாராயிற்று. நடுங்கும் குளிரில் பெரியவர் மூன்று முறை வாங்கிக் குடித்தார், சோறு இல்லாமல், காபிக் கோப்பையில்.

பேரிங்குக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார். ரோடுஹவுஸில் பறக்கும் டாக்டர் உண்டியல் இருக்கும், அதில் போடு என்றார். ஜான் ஃபிளின் என்ற பாதிரியாரின் முயற்சியில் 1928-இல் கிளான்கரியில் தொடங்கிய மருத்துவ விமான சேவை அது. இந்தச் சாலையிலேயே சில இடங்களில் அவர்களுடைய விமானம் இறங்கக் கோடு போட்டிருக்கிறார்கள்.

காலையில் பார்டர் வில்லேஜ் ரோடுஹவுஸில் உண்டியலைத் தேடினேன். கல்லாவில் இருந்த பெண் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "புகைக் கேரவனா?" என்றார். முந்தின நாள் ஒரு லாரிக்காரர் வந்து, மத்தியானத்துக்குள் நாங்கள் வந்து சேராவிட்டால் ஆள் அனுப்பச் சொல்லிவிட்டுப் போனாராம். அவர் பெயர் என்ன என்று கேட்டேன். "தெரியாது. பச்சை லாரி, காபிக்கு மூன்று சர்க்கரை." மணி பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கும் நன்றி.

அங்கிருந்து நேரம் மாறுவதால் கடிகாரத்தை முக்கால் மணி பின்னால் தள்ளி, கைகூனாவுக்கும் பல்லடோனியாவுக்கும் நடுவே 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாத ரோட்டைத் தாண்டி, பெர்த். நிறுத்தம்தோறும் அப்பா இறங்கிப் போய்ப் புறங்கையால் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் டீ குடித்தார். வழியில் பச்சை லாரி எதைக் கண்டாலும் மகள் ரேடியோவை எடுத்து, "ஆர் யூ த்ரீ ஷுகர்ஸ்?" என்று கேட்டாள். இரண்டு பேர் சிரித்தார்கள். இல்லை என்றார்கள்.

டாண்டினாங் அண்ணா, ரேடியோ பத்திரமாக இருக்கிறது. பாட்டரி மூடி மட்டும் உடைந்துவிட்டது, டேப் ஒட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன்.