பிள்ளைகள் சமையற்கூடத் திருப்பணி நிறைவு அறிக்கை

கர்த்தருக்குள் பிரியமான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழையை நாம் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நம் அசனக் கொட்டகையின் (சபையார் கூடி விருந்து சாப்பிடும் இடம்) மேற்குச் சுவர் விழுந்ததும் அந்த இரவில்தான். உப்பளங்களில் தேங்கிய தண்ணீர் லேசில் வடியவில்லை. தை பிறந்தால் தொடங்க வேண்டிய வேலை தள்ளிப்போக, கூலியில்லாத காலம் நீண்டது. மிஞ்சி நின்ற பாதிக் கொட்டகையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் அடுப்பு மூட்டினார்கள். இந்தத் திருப்பணிக்கு அதுதான் அஸ்திவாரம்.

முதல் இரண்டு மாதம் சோறும் சாம்பாரும் கொடுத்தோம். பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள். எடை மட்டும் ஏறவில்லை. கிராம செவிலியர் வந்து ஐந்து வயதுக்கு உட்பட்ட 46 பிள்ளைகளுக்குக் கைச்சுற்றளவு நாடா பிடித்துப் பார்த்தார். 11 பேருக்கு மஞ்சள், அதாவது 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே. இரண்டு பேருக்குச் சிவப்பு, 11.5-க்கும் குறைவு. அந்த இரண்டு பேரையும் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். அந்த அளவுக்கு மெலிந்த குழந்தையை நாமே சோறு போட்டுத் தேற்றிவிடலாம் என்று நினைக்கக் கூடாது.

கோளாறு எங்கே என்று அவர்தான் விளக்கினார். சாதாரண மாவில் கஞ்சி காய்ச்சினால் கெட்டியாகிவிடும். தண்ணீர் ஊற்றி இளக்கினால் சின்ன வயிறு தண்ணீரிலேயே நிறைந்துவிடும். கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, இளம் வறுப்பாக வறுத்து அரைத்தால் கஞ்சி தானே இளகும். அதே டம்ளரில் கூடுதல் மாவு போடலாம். பொரிகடலை, நிலக்கடலை, கருப்பட்டி சேர்த்து, இறக்கும்போது ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட வேண்டும். ஒரு கிராம் மாவில் 4 கலோரி என்றால் எண்ணெயில் 9. நம் பாட்டிமார் கருப்பட்டிக் கூழில் நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுத்தது வெறும் ருசிக்காக இல்லை என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

அதன்பின் வரைபடத்தையே மாற்றினோம். பெரிய பந்திக்கூடம் கட்டுவதாகச் சபைக் கூட்டத்தில் சொல்லியிருந்தோம். அதைப் பாதியாகக் குறைத்து, தானியம் காயவைக்க மொட்டை மாடியும், மாவு மில்லுக்கு ஓர் அறையும் கட்டினோம். சிலருக்கு இதில் வருத்தம் உண்டு, தெரியும். ஆனால் அசனம் வருஷத்துக்கு ஒரு நாள். பிள்ளைகளுக்குத் தினமும் பசிக்கும். தளத்தை 3 அடி உயர்த்தியதால் மதிப்பீட்டைவிடச் செலவு கூடிவிட்டது. வெள்ளம் மட்டும் காரணமில்லை. ஈரம் பட்ட நிலக்கடலையில் பூஞ்சை பிடித்தால் அதன் நஞ்சு காய்ச்சினாலும் போகாது. சரக்கறை உலர்ந்திருந்தே ஆக வேண்டும். கைகழுவும் குழாய்களை மூன்று வயதுப் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்திருக்கிறோம். பழைய கொட்டகையின் வைரம் பாய்ந்த பனங்கட்டைகளை விற்காமல், பிள்ளைகள் உட்கார பெஞ்சு செய்தோம்.

ஸ்தோத்திரப் பண்டிகை ஏலம், கைப்பிடி அரிசிக் காணிக்கை, குடும்பங்களின் நன்கொடை, எல்லாவற்றின் வரவு செலவும் ஆலய வாசல் பலகையில் ஒட்டியிருக்கிறது. ரசீதுகள் பொருளாளரிடம் இருக்கின்றன.

அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அரசு சாப்பாடு போடுகிறது. நாம் அதற்குப் போட்டியாக நடத்தவில்லை. தாய்மார் விடியுமுன்னே உப்பளத்துக்குப் போய்விடுகிறார்கள். சனி, ஞாயிறு, கோடை விடுமுறை நாட்களில் அக்காள் கையில் தம்பி. அந்த நாட்களின் காலையும், தினமும் மாலை 4 மணியும்தான் நம் பொறுப்பு. எந்த வீட்டுப் பிள்ளையும் வரலாம். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் உண்டு, கட்டாயம் கிடையாது. ஞாயிறு பள்ளிக்கு வந்தால்தான் கஞ்சி என்று யாரும் சொல்லக் கூடாது என்பது குழுவின் தீர்மானம்.

சென்ற மாதம் மறுபடியும் நாடா பிடித்துப் பார்த்தபோது மஞ்சளில் இருந்த 11 பேரில் 7 பேர் பச்சைக்கு வந்துவிட்டார்கள். மருத்துவமனைக்குப் போன இருவரும் திரும்பி வந்து நம் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மீதி 4 பேர் வீட்டுக்கும் செவிலியரோடு போய்வந்தோம்.

சரக்கறை ஜன்னலுக்கு வலை அடிப்பது மட்டும் பாக்கி. இந்த மாதத்துக்குள் முடியும். அப்புறம், செவ்வாய், வியாழன் மாலைகளில் கஞ்சி கிளற ஆள் குறைகிறது. முடிந்தவர்கள் 3 மணிக்கு வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்