வாகன வரி: பத்து லட்சம் என்னும் படி

திருப்பூர்,
18.10.2023

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாடு மோட்டார் வாகன வரிவிதிப்புச் சட்டம், 1974-ஐத் திருத்துவதற்காக இம்மாதம் சட்டப்பேரவையில் கொண்டுவரப்பட்ட மசோதாவைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். பனியன் நிறுவனம் ஒன்றில் இருபது ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருபவன் நான். முதல் முறையாகச் சொந்தக் கார் வாங்குவதற்குச் சென்ற மாதம் முன்பணமும் கட்டியிருக்கிறேன். அதனால் அந்தச் செய்தியை வாசகனாக மட்டுமன்றி, வரி கட்டப்போகிறவனாகவும் ஒருமுறைக்கு இருமுறை படிக்க நேர்ந்தது.

இதுவரை பத்து லட்சம் ரூபாய் வரை விலையுள்ள புதிய கார்களுக்கு 10 சதவீதமும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 15 சதவீதமும் ஆயுட்கால வரியாக (பதிவின்போது ஒரே முறை கட்டும் வரி) வசூலிக்கப்பட்டு வந்தன. மசோதா நடைமுறைக்கு வந்தால், 5 லட்சம் வரை 12, அதற்கு மேல் 10 லட்சம் வரை 13, அதற்கு மேல் 20 லட்சம் வரை 18, அதையும் தாண்டினால் 20 சதவீதம் என்று நான்கு படிகளாக அது மாறும். விலை கூடக்கூட விகிதமும் கூடுவதால், பார்த்தவுடன் நியாயமான ஏற்பாடாகவே தோன்றுகிறது. விற்பனையகம் எனக்குக் கொடுத்த கொட்டேஷன் தாளை எடுத்துவைத்துக்கொண்டு கணக்குப் போட்ட பிறகுதான் அந்த எண்ணம் மாறியது.

நான் பார்த்தது ஒரே காரின் இரண்டு வகைகள். இரண்டு ஏர்பேக் உள்ள வகையின் ஷோரூம் விலை 9,90,000 ரூபாய். ஆறு ஏர்பேக் உள்ள அடுத்த வகை 10,20,000 ரூபாய். வேறுபாடு முப்பதாயிரம்தான் என்று நான் இரண்டாவதன் பக்கம் சாய்ந்தபோது, விற்பனைப் பிரிவில் இருந்த இளைஞர் குரலைத் தாழ்த்தி, "பத்து லட்சத்தத் தாண்டாதீங்க சார், தாண்டினா ஆர்.டி.ஓ.வுக்குத்தான் போகும்" என்றார். அவர் சொன்னது அன்றைய விகிதத்தை வைத்து. அதன்படி முதல் வகைக்கு 99,000, இரண்டாவதற்கு 1,53,000 ரூபாய் வரி. புதிய விகிதத்தில் இவை 1,28,700, 1,83,600 என்று ஆகின்றன. ஆக, நான்கு கூடுதல் ஏர்பேக்குகளுக்காக நிறுவனம் கேட்பது முப்பதாயிரம், அதற்காக அரசுக்குச் சேர வேண்டியது 54,900. பொருளின் விலையைவிட அதன் மேல் விழும் வரி பெரிதாக இருக்கும் விந்தையை என் கணக்கு அனுபவத்தில் இப்போதுதான் பார்க்கிறேன். (இதற்கு மேல், பத்து லட்சத்தைத் தாண்டும் வண்டிக்கு வருமான வரிச் சட்டப்படி ஒரு சதவீதம், அதாவது 10,200 ரூபாய், முன்கூட்டியே பிடிக்கப்படும். கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம் என்றாலும், வண்டி எடுக்கும் நாளில் கையிலிருந்து போகும் பணம் அதுவுந்தான்.)

நான் இரண்டு ஏர்பேக் வண்டிக்கே முன்பணம் கட்டினேன். கார்களுக்கு ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று சொல்லி வந்த ஒன்றிய அரசு, சென்ற மாதம் அதைக் கட்டாயமாக்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டது. கட்டாயம் இல்லை என்றான பின், பாதுகாப்பைத் தேர்ந்தெடுப்பதும் கைவிடுவதும் வாங்குகிறவர் பொறுப்பு. மோதல் சோதனையில் கார்களுக்கு நட்சத்திரம் வழங்கும் பாரத் என்கேப் திட்டம் இந்த அக்டோபர் முதல் தேதியிலிருந்து நடைமுறையில் இருக்கும் வேளையில், கூடுதல் நட்சத்திரத்தை நாடிப் போகும் குடும்பத்தை வரிப் படி ஒன்று பின்னுக்கு இழுப்பது எந்த வகையில் பொருந்தும் என்று எனக்குப் புரியவில்லை.

குறை எங்கே இருக்கிறது என்றால், படி மாறும்போது கூடுதல் விகிதம் முழு விலைக்கும் பொருந்துவதில் இருக்கிறது. வருமான வரியில் இப்படி இல்லை. அங்கே வரம்பைத் தாண்டிய பகுதிக்கு மட்டுமே கூடுதல் விகிதம். அதே முறையை இங்கும் கையாண்டால் 9,90,000 ரூபாய் வண்டிக்கு 1,23,700, 10,20,000 ரூபாய் வண்டிக்கு 1,28,600 என்று வரி அமையும். வேறுபாடு 4,900 ரூபாய்தான். இப்படிச் செய்தால் பத்து லட்சத்தைத் தாண்டும் கார்களில் அரசுக்கு வருவாய் குறையும் என்பதை மறைக்க விரும்பவில்லை. நான் சொன்ன இரண்டாவது வண்டிக்கு இன்றைய 1,53,000 கூட வராது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கும் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கும் விகிதங்களை இன்னும் உயர்த்தி, அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டலாம். அப்போது நாற்பது லட்ச ரூபாய்க் கார் வாங்குகிறவர் அதிகம் செலுத்துவார். மசோதாவின் நோக்கமும் அதுவே என்று நினைக்கிறேன். பத்து லட்சம் என்ற படி பழைய முறையிலும் இருந்தது உண்மைதான். ஆனால் சட்டத்தைத் திருத்த உட்காரும்போது அதைச் சரிசெய்யாமல் விட்டதோடு, 5 லட்சத்திலும் 20 லட்சத்திலும் புதிதாக இரண்டு படிகளைச் செதுக்கியிருப்பதுதான் என் வருத்தம்.

இன்னொன்று, வரியின் மேல் வரி. ஷோரூம் விலை என்று நாம் சொல்லும் தொகைக்குள் ஜி.எஸ்.டி. ஏற்கனவே அடங்கியிருக்கிறது. நான்கு மீட்டருக்குட்பட்ட, 1,200 சி.சி.க்குட்பட்ட பெட்ரோல் காருக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் 1 சதவீத இழப்பீட்டு வரியும் சேர்ந்து 29 சதவீதம். என் 9,90,000 ரூபாயைப் பிரித்தால் வண்டியின் விலை சுமார் 7,67,440. மிச்சம் 2,22,560 ரூபாய் வரி. கொட்டேஷன் தாளில் ஆயுட்கால வரி போடப்பட்டிருப்பது இரண்டும் சேர்ந்த தொகையின் மேல்தான். புதிய 13 சதவீதத்தை வரி நீங்கிய விலைக்கு மட்டும் கணக்கிட்டுப் பார்த்தேன்: 99,767 ரூபாய் வந்தது. இன்றைய வரியான 99,000-த்தைவிட 767 ரூபாய்தான் கூடுதல். வேறு விதமாகச் சொன்னால், என்மீது ஏற்றப்படும் 29,700 ரூபாயில் ஏறக்குறைய முழுவதும் நான் ஒன்றிய, மாநில அரசுகளுக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.யின் மேல் விழும் வரிதான். ஏழே முக்கால் லட்சத்துக்கும் குறைவான வண்டிக்கு, காப்பீட்டையும் பதிவுக் கட்டணத்தையும் சேர்க்காமலே, மூன்றரை லட்சம் வரி.

ஆயுட்கால வரிக்குப் பெரும்பாலும் வங்கிக் கடன் கிடைப்பதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. வங்கிகள் ஷோரூம் விலையை வைத்தே கடனைக் கணக்கிடுவது வழக்கமாதலால், வரி உயர்வு முழுவதும் நாம் கையிலிருந்து போடும் பணத்தில் ஏறும். வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலைக்கே கடன் தரும் இடம் கிடைத்தாலும், கூடுதல் வரியான ஏறக்குறைய முப்பதாயிரத்தை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுகளுக்குக் கட்டினால் மாதம் சுமார் 623 ரூபாய், மொத்தத்தில் 37,000-க்கு மேல் ஆகிறது. மின்சாரக் கார்களுக்கு 2025 டிசம்பர் 31 வரை முழு வரிவிலக்கு இருக்கிறதே என்பார்கள். சார்ஜ் செய்ய இடமில்லாமல் தெருவோரம் வண்டியை நிறுத்தும், வாடகை வீட்டில் இருப்பவருக்கு அந்த விலக்கு இப்போதைக்குப் பயன்படாது.

கார்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். உயர்வு விகிதத்தில் கார்க்காரர்களை விஞ்சி நிற்பவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள இருசக்கர வாகனம் வாங்குவோர்தாம். இருசக்கர வாகனங்களுக்கு இதுவரை 8 சதவீதமாக இருந்த வரி, ஒரு லட்சம் வரை 10 ஆகவும் அதற்கு மேல் 12 ஆகவும் மாறுகிறது. 1,05,000 ரூபாய் வண்டிக்கு 8,400 கட்டியவர் இனி 12,600 கட்டவேண்டும். இது ஐம்பது சதவீத உயர்வு. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வரி 15-லிருந்து 20 ஆகிறது என்றால் உயர்வு மூன்றில் ஒரு பங்குதான். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு சக்கரம் வழுக்காமல் நிறுத்தும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம், 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாடு என்று அரசு விதிகளே விலையை ஏற்றிய பின், ஒரு லட்சத்தைத் தாண்டும் பைக்கை ஆடம்பரப் பொருள் என்று சொல்ல முடியாது. எங்கள் நிறுவனத்தில் தையல், செக்கிங் வேலைக்கு வருகிறவர்கள் அவிநாசியிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் தினமும் வந்துபோவது அதில்தான்.

அரசின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாநிலங்கள் தாமாக விகிதம் நிர்ணயிக்கக்கூடிய வரிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றுள் ஒன்று வாகன வரி. மாநிலங்களுக்குத் தரப்பட்ட ஜி.எஸ்.டி. இழப்பீடும் 2022 ஜூனோடு முடிந்துவிட்டது. அதற்காக விதிக்கப்பட்ட இழப்பீட்டு வரி மட்டும் கார் வாங்குகிறவரிடம் இன்னும் வசூலிக்கப்படுகிறது என்பது வேறு கதை. கர்நாடகத்திலும் படிகள் உண்டு, விகிதங்களும் குறைவில்லை. ஆனால் பக்கத்திலேயே குறைந்த வரியுள்ள புதுச்சேரியும் இருக்கிறது. அங்கே முகவரி காட்டிச் சொகுசுக் கார்களைப் பதிவு செய்ததாகக் கேரளத்தில் 2017-இல் பிரபலங்கள் சிலர்மீது வழக்குகள் வந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இருபது லட்சத்துக்கு மேல் வாங்குகிறவருக்கு அப்படி ஒரு வழி தெரியும். ஒன்பது லட்சத்து தொண்ணூறாயிரத்துக்கு வாங்குகிறவர் உள்ளூர் ஆர்.டி.ஓ. அலுவலக வரிசையில்தான் நிற்பார்.

முறையை மாற்ற நாளாகும் என்றால், புதிய விகிதங்களை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கையை அரசு வெளியிடும்போதே செய்யக்கூடிய ஒன்று உண்டு. வரி விகிதம் முன்பணம் கட்டிய நாளை வைத்து அமைவதில்லை; பதிவு செய்யும் நாளில் எது நடப்பில் இருக்கிறதோ அதுவே பொருந்தும். ஆயுத பூஜைக்கு வண்டி எடுக்க வேண்டும் என்றுதான் நான் கேட்டிருந்தேன். நிறம் கிடைக்கவில்லை, தீபாவளியை ஒட்டி வந்துவிடும் என்று இப்போது சொல்கிறார்கள். இதற்கிடையில் அறிவிக்கை வந்துவிட்டால், 29,700 ரூபாயை நான் எங்கிருந்தாவது புரட்டியாக வேண்டும். மாதக்கணக்கில் காத்திருக்கும் மற்றவர்கள் நிலையும் இதுவே. மசோதா பேரவைக்கு வருவதற்கு முன் முன்பணம் கட்டி, அதற்கான ரசீதும் வங்கிக் கணக்குச் சான்றும் காட்டக்கூடியவர்களுக்கு, மூன்று மாதத்துக்குள் பதிவு செய்யும்பட்சத்தில் பழைய விகிதத்தையே பொருத்தும்படி அந்த அறிவிக்கையில் ஒரு வரி சேர்க்குமாறு போக்குவரத்துத் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர் ஒருவர், திருப்பூர்